மட்காட்டுக்கு வெளியே இரண்டு விரல்

பிள்ளைகளே, மாமா காருக்குப் பூட்டித் தந்த அந்த நாலு சில்லும் ஏன் கொட்டிலுக்குள் கிடக்கின்றன என்று நீங்கள் கேட்டீர்கள். மகன் வாயால் கேட்டான். மகள் கேட்கவில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சில நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாள். அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் கதைக்கத் தொடங்கினால் நடுவில் விட்டுவிடுவேன், எழுதினால்தான் முடிப்பேன் என்று உங்கள் அம்மா சொன்னாள். ஆகவே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். பிழை இருந்தால் மகள் திருத்தட்டும், ஆனால் நடந்ததை மாற்ற வேண்டாம்.

எங்கள் கார் உங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வந்து கட்டுகிற நேரத்துக்கு நான் அதைக் கொண்டுபோய் நிறுத்துவேன். நயினாதீவுக்குப் போய் வருகிறவர்கள், நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், எல்லாரும் ஏறுவார்கள். காப்புறுதியும் காசுக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிற வாகனம் என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறேன். நாங்கள் சாப்பிடுவது அந்தக் காரில்தான் என்று உங்களுக்குத் தெரியும், அதை நான் நீட்டவில்லை.

உங்கள் மாமா சுவிசுக்குப் போனது உங்கள் வயதைவிடக் கொஞ்சம் கூடின வயதில். அங்கே அவருக்கு ரயர் கடையில் வேலை. பனிக்காலம் வரும்போது எல்லாக் கார்களுக்கும் ஒரு ரயர், பனி போனதும் இன்னொரு ரயர். அந்த நாட்களில் அவருக்கு நிமிர நேரமிருக்காது என்று சொல்வார். போனபிறகு ஒரு தடவைதான் ஊருக்கு வந்திருந்தார். அந்தத் தடவை யாழ்ப்பாண ரவுனில் ஹோட்டலில் தங்கி, பகலில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். அம்மாவுக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. தூக்கி வளர்த்த தம்பி, ஒரு விருந்தாளியைப் போலத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான் என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இந்த முறை அவர் லீவு முழுவதும் எங்களோடு தங்குவதாகச் சொன்னார். அம்மா அறைக்கு வெள்ளை அடிப்பித்தாள். குளியலறைக்குப் புதுக் கதவு போடுவித்தாள். அவர் வருவதற்கு முன்னமே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இஞ்சாருங்கோ, அவன் என்ன சொன்னாலும் மறுத்துக் கதைக்காதேங்கோ. இந்த முறை மனம் நொந்து போனானெண்டால் இனி இந்த வாசலுக்கு வரமாட்டான்." நான் ஓம் என்றேன். பிறகு நடந்ததெல்லாம் அந்த ஓம் சொன்னதால் எனக்கு வந்த கஷ்டம்தான்.

அவர் வருவதற்கு முன்னமே கப்பலில் பெட்டி வந்துவிட்டது. சொக்லேட், உடுப்பு, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் அடியில் நாலு சில்லு. வெள்ளியாய் மினுங்கும் றிம், அதில் அகலமான கறுப்பு ரயர். வீடியோவில் எங்கள் காரைப் பார்த்துவிட்டு, ஒல்லிச் சில்லில் நிற்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று முன்பு சொல்லியிருந்தார். பகிடிக்குச் சொல்கிறார் என்று நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் வந்து பயணக் களை ஆறமுன்னமே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டார். கராஜுக்குக் கொண்டுபோவோம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. ஸ்பானர்கூடத் தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தார். நட்டு போதிய அளவு இறுகினவுடன் டிக் என்று ஒரு சத்தம் போடும் ஸ்பானர் அது. அந்த நாலு சில்லையும் அவர் பூட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். இவ்வளவு காலமும் அவர் எங்களுக்கு அனுப்பியதெல்லாம் வங்கிவழி வந்தது. தன் கையால், தனக்குத் தெரிந்த வேலையை, அக்காவின் வீட்டில் செய்தது அன்றைக்குத்தான். வேர்வை மூக்கில் ஒழுக ஒழுக அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் தம்பி முற்றத்தில் இருக்கிறான் என்பது போதும்.

பூட்டி முடிந்ததும் கார் கொஞ்சம் கால் அகட்டி நிற்கிற மாதிரி இருந்தது. ரயர், அதற்கு மேலே வளைந்து மூடுகிற மட்காட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே இரண்டு விரல் அகலம் தெரிந்தது. எனக்கு அது அப்போதே கண்ணில் பட்டது. ஆனால் மகன் கூட்டாளிகளைக் கூட்டிவந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, காருக்குத் தவளைக் கால் வைச்சிருக்கிறியள்" என்றார். மாமா விடவில்லை. "ஓம் அண்ணை, இனி பாய்ஞ்சுதான் போகும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது நயினாதீவுக் கதை. புது வாகனம் எடுத்தாலும், வாகனத்துக்குப் புதிதாக ஏதாவது செய்தாலும் நயினாதீவு அம்மனிடம் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் கார் கடல் தாண்டாது. அதனால் காரைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டு, கார்க் கதவு திறக்கிற திறப்பை மட்டும் படகில் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைப்போம். ஐயர் பூவும் குங்குமமும் வைத்துத் தருவார். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் செய்தேன். மாமா அதற்குச் சம்மதிக்கவில்லை.

"அத்தான், திறப்பு கதவுக்கு. ஓடுறது சில்லு. சில்லுதானே புதுசு? அதைக் கொண்டுபோவம்."

அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. மறுக்கவில்லை. இறங்குதுறையில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, ஒரு சில்லைக் கழற்றி, அந்த இடத்தில் பழைய ஸ்பெயர் சில்லைப் போட்டுவிட்டு, புதுச் சில்லை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தோம். அங்கே நின்ற சனம் ஒதுங்கி வழிவிட்டது. படகுக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர். அவர் முகத்தை மாற்றாமல், "இவருக்கு அரை ரிக்கட்டோ முழு ரிக்கட்டோ?" என்று கேட்டார். ஒரு அம்மா, தண்ணியில் விழுந்தால் பிடித்து மிதக்கலாம், முன்னுக்கே வையுங்கோ என்றார்.

கோயிலில் ஐயர் கொஞ்ச நேரம் சில்லைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். பிரகாரத்தில் ஒரு ஓரமாகச் சாய்த்து வைக்கச் சொல்லி, தீர்த்தம் தெளித்து, றிம்மின் நடுவில் குங்குமம் வைத்துத் தந்தார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காரில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பத்திரமாகப் போய் வரவேண்டும் என்று அவர் வாய்விட்டு வேண்டியது எனக்குக் கேட்டது. அந்த வேண்டுதலைக் கேட்டபிறகு சில்லைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல எனக்கு எப்படி மனம் வரும்?

ஆனால் கார் எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஸ்ரேறிங் பாரமாகிவிட்டது. பெற்றோலும் கூடுதலாகக் குடித்தது. மழை பெய்து றோட்டு சேறாகின அன்று, உங்கள் கணக்கு ரீச்சர் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் மெதுவாகத்தான் அவரைத் தாண்டினேன். முன்பெல்லாம் சில்லு கிளப்பும் சேறு மட்காட்டுக்குள் அடித்து உள்ளேயே விழுந்துவிடும். இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விரலுக்கு மேலே மறைப்பு ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தபோது ரீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சேலையைக் கையால் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை, சேறெண்டபடியால் சரி. கல்லெண்டால் கண் போயிருக்கும்" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று வகுப்பில் அவர் உங்களை ஒன்றும் சொல்லவில்லை என்று மகள் சொன்னாள். ரீச்சர் அப்படிப்பட்டவர்.

பிறகு யாழ்ப்பாண ரவுனுக்குள் ஏறுகிற பண்ணைப் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது. அன்று காரில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாச்சியும் அவளுடைய தாயும் இருந்தார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக். மறித்தவர் ஒரு சிங்களச் சார்ஜன்ட், வயதானவர், தமிழ் ஓரளவு கதைப்பார். லைசென்ஸ், காப்புறுதி எல்லாம் பார்த்தார். குறையில்லை. பிறகு காரைச் சுற்றி வந்து, பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்று, மட்காட்டின் விளிம்பிலிருந்து கீழே கையை நேராக விட்டுக் காட்டினார். கை ரயரில் முட்டி நின்றது.

"ரயர் வெளிய. மட்காட்டுக்கு உள்ளுக்கு இருக்கணும். இது சட்டம்."

மாமா எனக்கு இதற்கென்றே ஒரு பத்திரம் தந்திருந்தார். அங்கே றிம் மாற்றினால் அந்தப் பத்திரம் இல்லாமல் றோட்டில் ஏற முடியாதாம். இங்கேயும் காட்டினால் போதும் என்று சொல்லித்தான் தந்தார், நானும் நம்பி டாஷ்போட்டுக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். முழுக்க ஜேர்மன் பாஷை. சார்ஜன்ட் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். மறுபக்கம் திருப்பினார். மற்றப் பொலிஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். காருக்குள் இருந்த தாய் என்னிடம், உது என்ன தம்பி, மருந்துத் துண்டோ என்று கேட்டார். கடைசியில் சார்ஜன்ட் அதை மடித்து என் கையில் தந்து, "நல்ல பேப்பர். ஆனா இது அந்த நாடு" என்றார்.

அவர் தண்டம் எழுதவில்லை. பின் சீற்றில் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்சம் அப்பால் கூட்டிப்போய்ச் சொன்னது இதுதான். சில்லைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் காரைக் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். இப்படியே ஓடி ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் காசு தரமாட்டார்கள். "உள்ளுக்கு அந்த அம்மா. வயித்துல பிள்ளை. உங்களுக்கு விளங்குது தானே?"

எனக்கு விளங்கியது. அவர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வாசலில் நின்றபடியே காப்புறுதி முகவருக்குப் போன் எடுத்தேன். அவரும் அதைத்தான் சொன்னார். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற ரயர் அளவுக்கு மாறாகப் போட்டால் தங்களுக்கு அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் மாற்றின வாகனத்துக்கு நட்டஈடு கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. அவருடைய குரல் நல்ல மரியாதையாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைத்தாச்சியைத் திரும்பக் கூட்டிவர நான் என் காரில் போகவில்லை. தெரிந்த ஒரு ஓட்டோக்காரரைப் பிடித்து ஏற்றிவிட்டு, வெறுங்காரோடு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஹயர் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் போன் வந்தால், கார் சரியில்லை என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மாமா முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, கார் ஏன் வெளிக்கிடவில்லை என்று யோசித்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அத்தான், ஏன் ஹயருக்குப் போறேல்லை? நான் நிக்கிறன் எண்டோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். மறுத்துக் கதைக்காதேங்கோ என்ற அந்தப் பார்வை. ஆனால் எனக்குள் அந்தச் சார்ஜன்டின் கை மட்காட்டில் நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன். பொலிஸ் மறித்தது, முகவர் சொன்னது, எல்லாம். முடிவில், "தம்பி, உந்தச் சில்லோடை நான் ஆக்களை ஏத்தேலாது" என்றேன்.

அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் அங்கை ஒரு நாளைக்கு எத்தினை காருக்குச் சில்லு மாத்திறனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாததை உந்தப் பொலிஸுக்குத் தெரியுமெண்டு சொல்லிறியளோ?"

"அப்பிடி இல்லை தம்பி. நீர் பூட்டினதிலை நான் பிழை சொல்லேல்லை."

"பிழையெண்டுதானே கழட்டப் போறியள்."

கையைக் கழுவிவிட்டு எழும்பினார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவர் ஊர்காவற்றுறையில் இருக்கிறார், அவரிடம் போய் வருகிறேன் என்று மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய கோப்பையில் சோறு அப்படியே இருந்தது. அம்மா அதை எடுக்காமல் மேசைக்கு முன்னால் இருந்தாள். பிறகு, "இப்ப சந்தோசமோ?" என்றாள். பின்னேரம் அவரிடமிருந்து, இன்றைக்கு இங்கே தங்குகிறேன் என்று போன் வந்தது. ஹோட்டலுக்குப் போவதற்கு இது முதல் படி என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அன்று பின்னேரம்தான் மகள் கதவைச் சாத்தியது. வீட்டில் மற்ற நாலு பேரில் ஒருவரும் என் பக்கம் இல்லை. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் சரியாக இருப்பது அவ்வளவு நல்லாக இல்லை.

காலையில் அவருக்குப் போன் எடுத்தேன். ஒரு யோசனை சொன்னேன். "நானும் முடிவெடுக்க வேண்டாம், நீரும் எடுக்க வேண்டாம். காரை அனுமதி குடுக்கிற பரிசோதகரிட்டைக் கொண்டுபோவம். அவர் ஓமெண்டால் அனுமதி எடுத்துப் புத்தகத்திலை பதிஞ்சுபோட்டு, உந்தச் சில்லோடையே ஓடுவன். நீரும் வாரும்." அவர், வாறன், அந்தப் பத்திரத்தையும் எடுத்து வாங்கோ என்றார். அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். நானும் பாதி நம்பினேன். உண்மையைச் சொன்னால், பரிசோதகர் ஓம் சொல்ல வேண்டும் என்று வழிநெடுக வேண்டிக்கொண்டு போனேன்.

மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் வாகனம் பார்க்கிற பரிசோதகர் தமிழர், மெதுவாகக் கதைப்பவர். பத்திரத்தை அவர் ஒதுக்கவில்லை. மாமாவிடமே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொன்னார். மாமா வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். எந்தக் காருக்கு என்று பரிசோதகர் கேட்டார். அங்கே விற்கிற, இதே பெயருள்ள, ஆனால் இதைவிட உடம்பு அகலமான காருக்கு என்று மாமா சொன்னார். சொல்லும்போதே அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

ரயர் மட்காட்டுக்கு வெளியே நிற்கக்கூடாது என்ற கணக்கையும் பரிசோதகர் சொன்னார். அதை முதலே பொலிஸ் சொல்லிவிட்டது. ஒரு மறைப்பு ஒட்டி மட்காட்டை அகலமாக்கினால் என்ன என்று மாமா கேட்டார். அது உடம்பின் அகலத்தை மாற்றுவது, அதற்கும் தனியாக அனுமதி வேண்டும், அது முடியாத காரியம் இல்லை, ஆனால் அதற்கு முதல் ஒன்றைப் பார்ப்போம் என்றார். ஹயர் கார் என்றபடியால் ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே அலுவலாக வந்து நின்றவர்களில் கொஞ்சம் உடம்பான மூன்று பேரைக் கூப்பிட்டுப் பின் சீற்றில் இருக்கச் சொன்னார். அவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஒருவர், நிறுத்துப் பார்க்கத்தான் என்னை வரச்சொன்னது என்று இப்போதுதான் தெரியுது என்றார். நான் ஸ்ரேறிங்கில் இருந்தேன். மாமா வெளியே நின்றார்.

ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக எடுங்கோ என்றார் பரிசோதகர். எடுத்தேன். முன்பக்கத்தில் உரசுகிற சத்தம் ஒன்று வந்தது. மறுபக்கம் ஒடித்தேன். அதே சத்தம். வளவுக்குள் ஒரு வாய்க்கால் மூடி கொஞ்சம் எழும்பி இருந்தது. அதன்மேல் ஏறி இறங்கியபோது பின்சில்லு மட்காட்டில் முட்டி, கறகற என்று கார் முழுக்க ஒரு அதிர்வு வந்தது. பின்னால் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"இது இந்த வளவு," என்றார் பரிசோதகர். "தீவு றோட்டிலை பள்ளமில்லை எண்டு ஆராவது எழுதித் தருவினமோ?"

மாமா நல்ல காற்சட்டையோடு நிலத்தில் முழங்காலை ஊன்றி, மட்காட்டுக்குள் கையை விட்டுத் தடவினார். கையை எடுத்தபோது விரல்நுனியில் கறுப்பு றப்பர்த் தூள். உரசி உரசி ரயரின் விளிம்பு தேயத் தொடங்கியிருந்தது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அந்தப் பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு வரேக்கையும் உந்தச் சத்தம் கேட்டதோ அத்தான்?"

"இடைக்கிடை கேட்டது. றோட்டுச் சத்தம் எண்டு நினைச்சன்."

பரிசோதகர் இதற்கு அனுமதி தர ஏலாது என்று சொன்னபோது மாமா தலையை ஆட்டினார். வாதாடவில்லை. எழும்பி அவருக்கு நன்றி சொன்னார். பிறகு எனக்குச் சொன்னார், அங்கே தங்கள் கடையில் பாரம் ஏற்றிப் பார்க்கிற ஆள் வேறு, தான் கழற்றிப் பூட்டுவது மட்டும், முடிந்த காரில் இன்னொருவர் ஏறி இருந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். முற்றத்தில் பூட்டினபோது காரில் ஒருவரும் இருக்கவில்லை. அந்த மற்ற ஆள் இங்கே இல்லை என்பதைத் தான் யோசிக்கவே இல்லை என்றார்.

வீட்டுக்குப் போகிற பாதையில் நான் காரைத் திருப்பினேன். அவர் நிறுத்தச் சொன்னார். ரவுனில் ரயர் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அங்கே போய், எங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற அளவிலேயே நாலு ரயர் எடுத்தார். பழைய றிம்மில் இருந்த ரயர்கள் வழுக்கையாகிவிட்டதை அவர் முற்றத்தில் கழற்றின அன்றே பார்த்திருக்கிறார். எடுக்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியிருந்த இலக்கங்களை வாசித்து, எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது செய்தது என்று பார்த்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்டார். கடைக்காரர், அண்ணை இந்த வேலைதானோ என்று கேட்டார். ஓம், இந்த வேலைதான் என்றார் மாமா. காலையிலிருந்து அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

வீட்டில் அம்மா சம்மதிக்கவில்லை. அவளுக்குப் பரிசோதகரும் தெரியாது, சத்தமும் தெரியாது. அம்மன் வாசலில் வைத்துக் குங்குமம் வைத்த சில்லைக் கழற்றுவது அவளுக்குப் பெரிய காரியம்.

"கோயிலுக்குக் கொண்டுபோனதைக் கழட்டி மூலையிலை போடுறதோ? என்ன கேடு வருமோ தெரியாது."

"அக்கா," என்றார் மாமா, "நான் அம்மனிட்டைக் கேட்டது சில்லுக்கில்லை. ஏறுற சனம் பத்திரமாய்ப் போகோணுமெண்டுதான். உது கிடந்தால்தான் கேடு."

அம்மா அதற்குப்பிறகு தடுக்கவில்லை. ஆனால் குங்குமம் வைத்த அந்தச் சில்லை நிலத்தில் வைக்க விடவில்லை. கொட்டிலுக்குள் பலகை போட்டு, துவைத்த சாக்கால் மூடி, தானே நிறுத்தி வைத்தாள். மற்ற மூன்றையும் விலைக்குத் தருவீர்களா என்று ஒருவர் வந்து கேட்டார். எந்தக் காருக்கு என்று மாமா கேட்டார். எங்களுடையதைப் போன்ற சின்னக் காருக்கு என்றார். மாமா கொடுக்கவில்லை. மகன், உனக்கு அது விளங்கவில்லை, விற்றிருந்தால் சைக்கிள் வாங்கியிருக்கலாம் என்று சொன்னாய். அதை வாங்கி அந்த ஆள் பூட்டியிருந்தால் இன்னொரு றோட்டில் இன்னொரு ரீச்சர் நின்று சேலையை விரித்துப் பார்ப்பார். அவ்வளவுதான்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் பாடசாலைக்குப் போன நேரம், நான் மாமாவின் சில்லைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஒரு நட்டையும் தொடவில்லை. அவரே கழற்றினார். அதே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே டிக் சத்தம் போடும் ஸ்பானரால். பழைய றிம்களைத் துருத் தட்டிக் கழுவி, புது ரயர்களைக் கையாலேயே ஏற்றினார். காற்றடிக்க மட்டும் சந்திக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பிறகு என்னையும் அம்மாவையும் பக்கத்து வீட்டு அண்ணையையும் ஏற்றி, தான் ஓடிக்கொண்டு குறிகட்டுவான் வரை போய் வந்தார். பள்ளமான இடமாகப் பார்த்துப் பார்த்து இறக்கினார். அண்ணை, தம்பி நான் பெருங்குடல் ஒப்பரேசன் செய்த ஆள் என்று கெஞ்சியும் விடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டே ஓடினார். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த நாள் காலையில் நான் ஹயருக்குப் போனேன். முதல் ஏறியவர்கள் நெடுந்தீவு ஆட்கள்தான். மாமா படலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து அவர் போகிற நாளில் பஸ் ஏற்ற நான்தான் காரில் கொண்டுபோனேன். அம்மா பின்னுக்கு இருந்து அழுதுகொண்டு வந்தாள். அவர் திரும்பவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்து ரயரைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். முன் சில்லு பின் சில்லைவிடக் கெதியாகத் தேயும், அதனால் கொஞ்சக் காலம் ஓடினபிறகு முன்னுக்கு இருப்பதைப் பின்னுக்கும் பின்னுக்கு இருப்பதை முன்னுக்கும் மாற்ற வேண்டும் என்றார். சரி, சந்திக் கராஜில் கொடுத்து மாற்றுகிறேன் என்றேன்.

"வேண்டாம் அத்தான். ஆரையும் கை வைக்க விடாதேங்கோ. அது தேயிற நேரம் பாத்து நான் வந்து மாத்துவன். அறையை அப்பிடியே வைச்சிருக்கச் சொல்லுங்கோ அக்காவை."

அம்மா பின்னாலிருந்து, அறைக்கு என்ன, அது கிடக்கும் என்றாள்.

இப்போது அவர் போன் எடுத்தால் முதல் கேட்பது, ரயருக்குக் காத்துப் பாத்தனீங்களோ என்பதுதான். பிறகுதான் அக்கா. அதற்கு அம்மா கோபிப்பதாகக் காட்டிக்கொண்டு, போனை எடுத்துப்போய்க் குந்தி இருந்து முன்ரயரை அவருக்கு வீடியோவில் காட்டுகிறாள். கிட்டப் பிடி அக்கா, வெளிச்சத்திலை பிடி என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். போன கிழமையும் காட்டினாள். முன்ரயர் கொஞ்சம் தேயத் தொடங்கிவிட்டது. அவர் பிளேன் ரிக்கட் பார்க்கத் தொடங்கியிருக்கிறாராம்.